வாயுக்களும் வெப்பவியக்கவியலும்: உயர்தரப் பயிற்சிக் கணக்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தரம் படிக்கும் மாணவர்கள் பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் வாயுக் கணக்குகளைச் செய்யும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. வேறாகச் சொல்லாத இடங்களில் வளிமண்டல அமுக்கம் 100 கிலோபஸ்கால் என்றும், அகில வாயு மாறிலி 8.314 என்றும், வாயு இலட்சிய வாயு என்றும் கொள்ளுங்கள்.

எந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்துவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சமன்பாட்டைத் தேடுவதற்கு முன் ஒரு கோடு கீறுங்கள். எந்த வாயுவைப் பற்றிப் பேசுகிறோமோ அதைச் சுற்றி விடைத்தாளின் ஓரத்தில் புள்ளிக்கோடு ஒன்று போட்டால் போதும். பிறகு மூன்று கேள்விகள்: இந்தக் கோட்டைத் தாண்டி வாயு போகுமா? கோடு நகருமா? வெப்பம் தாண்டுமா?

வாயு தாண்டாவிட்டால் மூல் எண்ணிக்கை மாறாது. கோடு நகராவிட்டால் கனவளவு மாறாது, வேலையும் இல்லை. உராய்வில்லாத முசலம் சுயாதீனமாக நகர்ந்தால் அமுக்கம் மாறாது. வெப்பம் தாண்டாவிட்டால் அது சேறலில்லா மாற்றம். மிக மெதுவாக, சூழலோடு நன்றாக வெப்பத் தொடுகையில் நடந்தால் சமவெப்ப மாற்றம்.

பிழைத்த விடைகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே பிழைத்துவிடுகின்றன. பெருக்கல் சரியாக இருக்கும், ஆனால் மூல் எண்ணிக்கை மாறுகிற கணக்கில் போயிலின் விதியை (மாறா வெப்பநிலையில், குறித்த அளவு வாயுவுக்கு அமுக்கம் × கனவளவு மாறாது) போட்டிருப்பார்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைக்க முடியுமென்றால் அந்தப் புள்ளிக்கோட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

27 பாகை செல்சியஸிலிருந்து 54 பாகைக்குச் சூடாக்கினால் கனவளவு இரண்டு மடங்காகுமா?

ஆகாது. 300 கெல்வின் 327 கெல்வின் ஆகிறது, அவ்வளவுதான். மாறா அமுக்கத்தில் கனவளவு 9 சதவீதம் கூடும். விகிதம் வருகிற இடத்தில் கெல்வின் கட்டாயம். வித்தியாசம் மட்டும் வருகிற இடத்தில், உதாரணமாகத் திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம், இரண்டில் எதைப் போட்டாலும் ஒன்றுதான். வினாத்தாளில் 27, 127, 227, 327 என்ற எண்களைக் கண்டால் அவற்றை 300, 400, 500, 600 என்றே வாசித்துப் பழகுங்கள்.

கணிப்பான் இல்லாமல் 8.314-ஐ எப்படிச் சமாளிப்பது?

உயர்தர விஞ்ஞானப் பாட வினாத்தாள்களில் கணிப்பானுக்கு இடமில்லை. ஆகவே இரண்டு விடயங்கள் கைவசம் இருக்கட்டும்.

கிலோபஸ்காலை லீற்றரால் பெருக்கினால் நேராக யூல் வரும். ஒன்றில் ஆயிரம் மேலே, மற்றதில் ஆயிரம் கீழே, இரண்டும் வெட்டுப்பட்டுவிடும். கன மீற்றருக்கு மாற்றப் போய்ப் பத்தின் அடுக்கைத் தொலைப்பவர்கள் பலர். இப்படிச் செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

மற்றது, 300 கெல்வினில் 8.314 × 300 = 2494. ஆகவே 100 கிலோபஸ்காலில் ஒரு மூல் வாயு 24.94 லீற்றர் பிடிக்கும். பலர் பழக்கத்தில் 22.4-ஐப் போட்டுவிடுகிறார்கள். அது 0 பாகையும் 101.3 கிலோபஸ்காலும் உள்ள இடத்து எண். அமுக்கம் 100 கிலோபஸ்கால் என்றால் 0 பாகையிலேயே 22.7 ஆகிவிடும். நமது ஊரின் அறை வெப்பநிலையில் இரண்டுமே பொருந்தா.

டயர் கணக்கில் ஏன் எனக்கு எப்போதும் குறைவான விடை வருகிறது?

மானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலதிகமான அமுக்கத்தை. வாயு விதிகளுக்குத் தேவை முழு அமுக்கம்.

காலையில் 27 பாகையில் மானி 220 கிலோபஸ்கால் காட்டுகிறது. பெற்றோல் நிலையத்து மானியில் இது ஏறத்தாழ 32 பி.எஸ்.ஐ. காலி வீதியில் ஓடியபின் டயருக்குள் வளி 57 பாகை. கனவளவு மாறவில்லை என்று கொள்ளுங்கள்.

முழு அமுக்கம் 320. 320 × 330 ÷ 300 = 352. மானி காட்டுவது 252, அதாவது 36 பி.எஸ்.ஐ.-க்குச் சற்று மேல். முழு அமுக்கத்துக்கு மாற்றாமல் 220-ஐயே 1.1 ஆல் பெருக்கியிருந்தால் 242 வந்திருக்கும். உங்களுக்கு வந்த குறைவான விடை அதுதான்.

இந்தக் கணக்கின் இரண்டாம் பகுதியில்தான் பயன் கூட. சூட்டோடு 36-ஐக் கண்டு பயந்து வளியைத் திறந்துவிட்டு மீண்டும் 220-க்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இப்போது முழு அமுக்கம் 320, வெப்பநிலை 330. இரவில் 300-க்கு ஆறும்போது 320 × 300 ÷ 330 = 291. மானியில் 191, ஏறக்குறைய 28 பி.எஸ்.ஐ. அடுத்த நாள் காலையில் டயர் காற்றுக் குறைந்து நிற்கும். குளிர்ந்த டயரில் அளக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். திறந்துவிட்ட கணத்தில் மூல் எண்ணிக்கை மாறிவிட்டதைக் கவனியுங்கள். காலை நிலையையும் மறுநாள் நிலையையும் ஒரே சமன்பாட்டில் இணைக்க முடியாது.

இரண்டு குமிழ்களை மெல்லிய குழாயால் இணைத்து ஒன்றை மட்டும் சூடாக்கினால்?

சம கனவளவுள்ள இரண்டு கண்ணாடிக் குமிழ்கள், இரண்டும் 27 பாகை, உள்ளே 100 கிலோபஸ்கால். ஒன்றை 127 பாகைக்குக் கொண்டுபோகிறோம், மற்றது 27 பாகையிலேயே இருக்கிறது. இறுதி அமுக்கம் என்ன?

பலர் செய்வது சராசரி வெப்பநிலை 350 என்று எடுத்து 116.7 கிலோபஸ்கால் என்று எழுதுவது. இது பிழை. ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் இந்த வகைக் கணக்கு எல்லாமே திறந்துவிடும்.

கோட்டை ஒரு குமிழைச் சுற்றிப் போட்டால் வாயு அதைத் தாண்டுகிறது, சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் தாண்டவில்லை. ஆகவே மொத்த மூல் எண்ணிக்கைதான் மாறாதது. அமுக்கமோ இரு பக்கமும் ஒன்றே, குழாய் திறந்திருப்பதால்.

ஆரம்பத்தில் மூல்கள்: 100 ÷ 300 + 100 ÷ 300 (கனவளவும் வாயு மாறிலியும் எல்லா இடத்திலும் பொது என்பதால் விட்டுவிடலாம்).
இறுதியில்: அமுக்கம் ÷ 400 + அமுக்கம் ÷ 300.

இரண்டையும் சமப்படுத்தினால் 200 ÷ 300 = அமுக்கம் × 7 ÷ 1200. அமுக்கம் = 800 ÷ 7 = 114.3 கிலோபஸ்கால்.

சராசரி ஏன் ஏமாற்றுகிறது? குளிர்ந்த குமிழில் அதிக மூலக்கூறுகள் குவிகின்றன. எனவே 300-க்கும் 400-க்கும் சம நிறை கொடுக்கக் கூடாது. சரிபார்க்க, சூடான குமிழில் இறுதியில் இருப்பது மொத்தத்தில் 3/7, ஆரம்பத்தில் 1/2. வித்தியாசம் 1/14 பங்கு மூல் இடம் மாறியிருக்கிறது. "எவ்வளவு வாயு கடந்தது" என்று பகுதி வினா வந்தால் இந்த 1/14-ஐ மொத்த மூல்களால் பெருக்கினால் போதும்.

இரச நிரல் பரிசோதனையில் வளிமண்டல அமுக்கம் 72 என்றும் 80 என்றும் வருகிறதே, எங்கே பிழை?

ஒரு முனை அடைத்த ஒடுங்கிய குழாயில் இரச நிரல் ஒன்றின் பின்னால் வளி சிறைப்பட்டிருக்கும். நிரலின் நீளம் 10 சென்ரிமீற்றர் என்று வைப்போம். திறந்த வாய் மேலே இருக்கும்போது வளியின் அமுக்கம் வளிமண்டல அமுக்கம் கூட்டல் 10. வாய் கீழே இருக்கும்போது கழித்தல் 10. எல்லாம் இரசச் சென்ரிமீற்றரில்.

வாசிப்புகள் 17.2, 22.4 சென்ரிமீற்றர் என்றால்:
17.2 × (வளிமண்டலம் + 10) = 22.4 × (வளிமண்டலம் − 10)
396 = 5.2 × வளிமண்டலம், ஆகவே 76.2.

இப்போது இரண்டாவது வாசிப்பை ஒரேயொரு மில்லிமீற்றர் கூட்டி 22.5 என்று எழுதுங்கள். 397 ÷ 5.3 = 74.9. ஒரு மில்லிமீற்றர் பிழை விடையில் ஒன்றேகால் சென்ரிமீற்றர் ஆகிவிட்டது. விடை இரண்டு நீளங்களின் சிறிய வித்தியாசத்தில் தொங்குகிறது, அதுதான் காரணம். நீளமான இரச நிரலைத் தெரிவுசெய்தால் வித்தியாசம் பெரிதாகி இந்தப் பாதிப்புக் குறையும். குழாயைப் பல சாய்வுகளில் வைத்து வரைபு கீறுவது அதைவிட நல்லது.

மற்றப் பிழைகள் கையால் வருவன. வளி சிறைப்பட்ட பகுதியைக் கையால் பிடித்தால் அது சூடாகி விரிகிறது. பிடியைத் திறந்த முனைப் பக்கம் வையுங்கள். குழாயைத் திருப்பியவுடன் வாசிக்க வேண்டாம், மெதுவாகத் தட்டி நிரல் அமைதியான பின் வாசியுங்கள். நிரல் இடையில் உடைந்து சிறு வளிக்குமிழ் புகுந்திருந்தால் அந்த வாசிப்பை விட்டுவிடுங்கள். குழாய் ஈரமாக இருந்தால் உள்ளே நீராவியும் இருக்கிறது. அது போயிலின் விதிக்குக் கட்டுப்படாது. இரசம் சிந்தினால் கையால் அள்ள வேண்டாம், ஆசிரியரை அழையுங்கள்.

நீரின் மேல் சேகரித்த வாயுவில் எதைக் கழிக்க வேண்டும்? எப்போது?

மக்னீசியத்தின் சாரணுத் திணிவைத் துணியும் செய்முறையை எடுத்துக்கொள்வோம். 0.234 கிராம் மக்னீசியம் மிகையான ஐதான அமிலத்தில் கரைந்து, 27 பாகையில் 249 கன சென்ரிமீற்றர் வாயு நீரின் மேல் சேர்ந்தது. வளிமண்டலம் 100 கிலோபஸ்கால். 27 பாகையில் நீரின் நிரம்பலாவியமுக்கம் 3.6 கிலோபஸ்கால்.

குழாய்க்குள்ளே ஐதரசனும் நீராவியும் கலந்து இருக்கின்றன. தோற்றனின் விதிப்படி மொத்த அமுக்கம் பகுதியமுக்கங்களின் கூட்டுத்தொகை, ஆகவே ஐதரசனின் பகுதியமுக்கம் 100 − 3.6 = 96.4. மூல் எண்ணிக்கை 96.4 × 0.249 ÷ 2494 = 0.00962. ஒரு மூல் மக்னீசியம் ஒரு மூல் ஐதரசன் தருவதால் சாரணுத் திணிவு 0.234 ÷ 0.00962 = 24.3. கழிக்க மறந்திருந்தால் 23.4 வந்திருக்கும்.

இதெல்லாம் குழாயின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால்தான். உள்மட்டம் உயர்ந்து நின்றால் உள்ளே மொத்த அமுக்கம் வளிமண்டலத்தைவிடக் குறைவு. 10 சென்ரிமீற்றர் நீர் ஏறக்குறைய ஒரு கிலோபஸ்கால்.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறி: நீர்த்துளிகளும் இருக்கும் பாத்திரத்தில் மொத்த அமுக்கம் 103.6, வெப்பநிலை 27 பாகை. கனவளவைப் பாதியாக்கினால் 207.2 அல்ல. உலர் வளி 100-இலிருந்து 200 ஆகிறது. நீராவியோ கூடிய பங்கு ஒடுங்கி நீராகி 3.6-இலேயே நிற்கிறது. விடை 203.6. நிரம்பிய ஆவிக்குப் போயிலின் விதியைப் போடவே கூடாது.

வீட்டுக் காஸ் சிலிண்டருக்கு வாயுச் சமன்பாட்டைப் போடலாமா?

போட்டுப் பாருங்கள், ஏன் கூடாது என்பது தானாகத் தெரியும். 12.5 கிலோகிராம் வாயு, ஒரு மூல் சராசரி 50 கிராம் என்றால் 250 மூல். சிலிண்டரின் கொள்ளளவு 30 லீற்றர் என்று வைப்போம். 250 × 2494 ÷ 30 = 20 800 கிலோபஸ்கால், வளிமண்டலத்தைப் போல 200 மடங்கு. அவ்வளவு அமுக்கத்தை அந்த மெல்லிய உருக்குத் தகடு தாங்காது.

உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். மேலே இருக்கும் ஆவி நிரம்பிய ஆவி. அதன் அமுக்கத்தைத் தீர்மானிப்பவை வெப்பநிலையும் புரொப்பேன்-பியூற்றேன் கலவை விகிதமும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அல்ல. 27 பாகையில் தூய புரொப்பேனுக்கு அது கிட்டத்தட்ட 1000 கிலோபஸ்கால், பியூற்றேனுக்கு 260 அளவில். 2021 இறுதியில் இலங்கையில் சமையல் வாயு வெடிப்புகள் தொடர்ந்தபோது இந்த இரண்டின் விகிதம் ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்பது இந்த இரண்டு எண்களில் தெரிகிறது.

ஆகவே அமுக்க மானியைப் பார்த்து எத்தனை நாளுக்குக் காஸ் வரும் என்று சொல்ல முடியாது. திரவம் தீரும்வரை முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், பிறகு சடுதியாக விழும். நிறுத்துப் பார்ப்பதே வழி. பெரிய அடுப்பை நெடுநேரம் எரித்தால் சிலிண்டரின் கீழ்ப்பகுதி வியர்த்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோகிராம் திரவம் ஆவியாகச் சுமார் 350 கிலோயூல் வெப்பம் வேண்டும்; அதைத் திரவம் தன்னிடமிருந்தும் உருக்குச் சுவரிலிருந்தும் எடுக்கிறது. வியர்வை நிற்கும் உயரம் உள்ளே திரவம் நிற்கும் உயரம்.

முதலாம் விதியில் குறி எப்போதும் குழப்புகிறது. எந்த வடிவம் சரி?

இரண்டும் சரி. "கொடுத்த வெப்பம் = அகச்சக்தி அதிகரிப்பு + வாயு செய்த வேலை" என்பது பௌதிகவியல் வழக்கம். "அகச்சக்தி மாற்றம் = வெப்பம் + வாயுவின் மீது செய்த வேலை" என்பது இரசாயனவியல் நூல்களில் வருவது. ஒரு விடைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். விடையின் முதல் வரியில் எந்த வேலையை நேராக எடுக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

ஒரு சக்கரத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். ஓரணு வாயு, 200 கிலோபஸ்கால், 1 லீற்றர். முதலில் மாறா அமுக்கத்தில் 3 லீற்றருக்கு விரிகிறது. பிறகு மாறாக் கனவளவில் அமுக்கம் 66.7-க்குக் குறைகிறது. கடைசியில் சமவெப்பமாக ஆரம்ப நிலைக்கு அமுக்கப்படுகிறது.

விரிவில் வேலை 200 × 2 = 400 யூல். ஓரணு வாயுவுக்கு அகச்சக்தி அமுக்கம் × கனவளவின் ஒன்றரை மடங்கு, ஆகவே அதிகரிப்பு 600. கொடுத்த வெப்பம் 1000 யூல்.
ஆறும்போது வேலை இல்லை. 600 யூல் வெளியேறுகிறது.
சமவெப்ப அமுக்கத்தில் அகச்சக்தி மாறாது. வாயுவின் மீது செய்த வேலை 200 × மடக்கை 3 (இயற்கை மடக்கை, 1.10) = 220 யூல்; அதே அளவு வெப்பம் வெளியேறுகிறது.

சக்கரம் முழுதும் தேறிய வேலை 400 − 220 = 180. தேறிய வெப்பம் 1000 − 600 − 220 = 180. இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு குறி புரண்டிருக்கிறது. வினைத்திறன் 180 ÷ 1000, அதாவது 18 சதவீதம். கீழே போட வேண்டியது உள்ளே கொடுத்த 1000 மட்டுமே, தேறிய வெப்பம் அல்ல.

மாறா அமுக்கச் செயன்முறையிலும் அகச்சக்திக்கு மாறாக் கனவளவு வெப்பக் கொள்ளளவைப் போடுகிறார்களே, ஏன்?

இலட்சிய வாயுவின் அகச்சக்தி வெப்பநிலையை மட்டும் பொறுத்தது. 300-இலிருந்து 400-க்கு எந்தப் பாதையால் போனாலும் அதிகரிப்பு ஒன்றுதான். எளிதான பாதை மாறாக் கனவளவு, அங்கே வேலை இல்லை, கொடுத்த வெப்பம் முழுவதும் அகச்சக்தி. அங்கே கணித்த எண் எல்லாப் பாதைக்கும் பொருந்தும்.

சடுதியாக விரிந்தால் வாயு குளிருமா, குளிராதா?

எதைத் தள்ளிக்கொண்டு விரிகிறது என்பதைப் பாருங்கள். காவலிட்ட பாத்திரத்தில் வாயு ஒரு பக்கம், வெற்றிடம் மறுபக்கம், நடுவே திருகுபிடி. திறந்தால் வாயு எதையும் தள்ளவில்லை. வேலை இல்லை, வெப்பமும் இல்லை, இலட்சிய வாயுவின் வெப்பநிலை மாறாது. இங்கே சேறலில்லாச் சமன்பாட்டைப் போடுவது கடும் பிழை. அது மீளக்கூடிய, படிப்படியான மாற்றத்துக்கு மட்டும்.

முசலத்தைத் தள்ளிக்கொண்டு விரிந்தால் குளிரும், முசலம் வாயுவை அமுக்கினால் சூடாகும். டீசல் எஞ்சினில் வளி 18-இல் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது என்று கொள்வோம். சேறலில்லா மாற்றத்தில் வளிக்கு வெப்பநிலை × கனவளவின் 0.4 ஆம் அடுக்கு மாறாது. ஆகவே 300 கெல்வினை 18-இன் 0.4 ஆம் அடுக்கால், அதாவது 3.18-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 950 கெல்வின், 680 பாகை செல்சியஸ். சுவரால் வெப்பம் இழக்கப்படுவதால் உண்மையில் இதைவிடக் குறையும். ஆனாலும் தெளித்த டீசல் தானாகப் பற்ற இது தாராளம். காலி வீதி பஸ்களின் எஞ்சினில் தீப்பொறிச் செருகி இல்லாததன் காரணம் இது.

மூலக்கூறு வேகம் 16 என்று வருகிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். மூலர்த் திணிவைக் கிராமில் போட்டிருக்கிறீர்கள். நைதரசனுக்கு 0.028 கிலோகிராம் போட்டால் 300 கெல்வினில் செக்கனுக்கு 517 மீற்றர். நைதரசன் போன்ற வாயுவுக்கு வளியில் ஒலியின் வேகத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தால் ஒழுங்கான விடை.

ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் கொழும்பில் ஏன் இவ்வளவு வியர்க்கிறது? இதைக் கணக்காகக் கேட்டால்?

30 பாகையில் நிரம்பலாவியமுக்கம் 4.24 கிலோபஸ்கால். சாரீரப்பதன் 80 சதவீதம் என்றால் வளியில் உள்ள ஆவியின் அமுக்கம் 3.39. அட்டவணையில் 26 பாகைக்கு 3.36, 27 பாகைக்கு 3.57. ஆகவே பனிபடுநிலை (ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 26-ஐச் சற்றுத் தாண்டிய இடம். நாலு பாகை குறைந்த எந்த மேற்பரப்பும் நனைந்துவிடும். ஐஸ் கிளாஸைச் சொல்லவே வேண்டாம்.

இங்கே சாரீரப்பதனை ஆவியமுக்கத்தின் விகிதமாக எடுங்கள், வெப்பநிலையின் விகிதமாக அல்ல. 30-இன் 80 சதவீதம் 24 என்று பனிபடுநிலை எழுதிய விடைகள் உண்டு.

கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பக்கற் நுவரெலியாவில் ஏன் உப்புகிறது? குளிர் என்றால் சுருங்க வேண்டுமே?

குளிர் சுருக்கத்தான் பார்க்கிறது. ஆனால் 1868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் 81 கிலோபஸ்கால் அளவுக்கு இறங்கிவிடுகிறது. கொழும்பில் 101 கிலோபஸ்கால், 303 கெல்வின். நுவரெலியாவில் 289 கெல்வின் என்று எடுங்கள். பக்கற் சுயாதீனமாக விரியுமென்றால் (101 ÷ 81) × (289 ÷ 303) = 1.19. அமுக்கம் தனியே 25 சதவீதம் விரிக்கிறது, குளிர் அதில் 6 சதவீதத்தை மீட்டெடுக்கிறது.

உறை இழுபடாது என்று வினாவில் சொன்னால் கனவளவை மாறாததாக எடுங்கள். அப்போது உள் அமுக்கம் 101 × 289 ÷ 303 = 96, வெளியே 81. உறையின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஒன்றரை நியூற்றன் விசை உள்ளிருந்து தள்ளுகிறது.